டஸ்கனியின் வெண்சாலைகள்

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் அமைந்த டஸ்கனி மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குன்றுகளால் ஆனது. சமவெளி பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இக்குன்றுகளின் முதுகிலும் சரிவிலுமாக, தார் காணாத வெண்ணிறச் சரளைச் சாலைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. இத்தாலியர் இவற்றை ‘ஸ்திராதே பியாங்கே’ என்று அழைப்பர். வெண்சாலைகள் என்பதே அதன் நேர்ப்பொருள். அண்மைக் காலத்தில் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அகன்ற டயர் பூட்டிய மிதிவண்டிகளுடன் இச்சாலைகளைத் தேடி வருகின்றனர். விமானக் கட்டணம் செலுத்திப் புழுதி உண்ண வருகின்றார்களே என்று கேட்போர் நகைக்கக்கூடும். எனினும், இச்சாலைகள் எவ்வாறு தோன்றின, அவை ஏன் தார் பூசப்படாமல் எஞ்சின, இன்று அவற்றைப் பேணும் செலவு யார் தலையில் விழுகிறது என்னும் வினாக்கள் மிதிவண்டி ஓட்டுவோருக்கு மட்டும் உரியவை அல்ல. ஊரக வளர்ச்சியில் ஈடுபாடு கொண்ட எவரும் அவற்றை ஆராய்ந்து பார்க்கலாம்.

வெண்சாலையின் வரலாறு வாரக் குத்தகையின் வரலாறேயாகும். டஸ்கனியில் இடைக்காலம் தொட்டு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ‘மெட்சாத்ரியா’ என்னும் முறை நிலவியது. சொல்லின் வேர் ‘பாதி’ என்பது. நிலமும் வீடும் உடைமையாளருடையவை. உழைப்பு குடியானவர் குடும்பத்தினுடையது. விளைச்சல் பாதிக்குப் பாதி. நம் நாட்டில் வாரச் சாகுபடியை அறிந்தோர்க்கு இம்முறையை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தென் இத்தாலியின் உழவர்கள் பெரிய ஊர்களில் கூடி வாழ்ந்து, விடியலில் நெடுந்தொலைவு நடந்து வயலுக்குச் சென்றனர். டஸ்கனி வாரதாரரோ தாம் உழும் பண்ணையிலேயே, குன்றின் உச்சியில் கட்டப்பட்ட கல்வீட்டில் வாழ்ந்தார். ‘பொதேரே’ எனப்படும் அப்பண்ணை ஒவ்வொன்றிலும் கோதுமையும் திராட்சையும் ஒலிவமும் ஒன்றோடொன்று கலந்து பயிரிடப்பட்டன. மாடுகள் கீழ்த்தளத்திலும் மனிதர் மேல்தளத்திலும் இருந்தனர்.

வீடு குன்றுதோறும் தனித்து நின்றமையால் சாலையும் குன்றுதோறும் ஏற வேண்டியதாயிற்று. உடைமையாளருக்குச் சேர வேண்டிய பாதி கோதுமையும் பாதி திராட்சைச் சாறும் மாட்டு வண்டியில் ஏறிப் பண்ணை மாளிகைக்கு வந்து சேரவேண்டும் அல்லவா? அதற்காகப் போடப்பட்டவையே இப்பாதைகள். அருகில் கிடைத்த சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பி, நடுவில் சற்றே உயர்த்தி, இருமருங்கும் வாய்க்கால் வெட்டினர். கல் வெண்மை; ஆதலின் சாலையும் வெண்மை. வாரதாரர் குடும்பங்களின் கூலியில்லா உழைப்பும் பல இடங்களில் இதில் கலந்திருக்கிறது. இன்று சுற்றுலாப் படங்களில் காணும் சைப்ரஸ் மர வரிசையும் தனித்த கல்வீடும் வளைந்தேறும் பாதையும் அழகுக்காக வரையப்பட்டவை அல்ல. அவை ஒரு குத்தகை முறை நிலத்தின்மீது எழுதிச் சென்ற கணக்கு.

இக்கணக்கின் பழமைக்குச் சான்று சியெனா நகர மன்றத்தின் சுவரிலேயே உள்ளது. அம்ப்ரோஜியோ லொரென்செத்தி என்னும் ஓவியர் 1338, 1339ஆம் ஆண்டுகளில், நகரை ஆண்ட ஒன்பதின்மர் குழு கூடும் அறையில் நல்லாட்சியின் விளைவுகளையும் கொடுங்கோன்மையின் விளைவுகளையும் தீட்டினார். நல்லாட்சிப் பகுதியில் நகர வாயிலிலிருந்து ஒரு சாலை குன்றுகளினூடே இறங்கிச் செல்கிறது. அதில் சீமான்கள் வேட்டைக்குப் புறப்படுகின்றனர். எதிரே குடியானவர் பன்றியை ஓட்டிக்கொண்டும், கழுதைமேல் சுமையேற்றியும் நகரை நோக்கி வருகின்றனர். வானில் ‘பாதுகாப்பு’ எனப் பெயர் பொறித்த சிறகுடைய பெண்ணுருவம் ஒரு கையில் ஏட்டுச் சுருளும் மறு கையில் தூக்குமரமும் ஏந்தி நிற்கிறது. ஆட்சியின் தரத்தைச் சாலையில் அச்சமின்றிச் செல்லும் மக்களைக்கொண்டு அளந்த ஓவியம் அது. ஆட்சிப் பணியில் இருப்போர் அனைவரும் ஒருமுறையேனும் அதன் படத்தையாவது காண்பது நன்று. சியெனாவுக்குத் தெற்கே உள்ள வால் தோர்ச்சா பள்ளத்தாக்கை 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, சியெனா ஓவியர்கள் இந்நிலத்தை வரைந்த மரபும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

ஆயினும் ஓவியத்திற் காணும் வளம் எல்லா இடத்தும் இருந்ததில்லை. சியெனாவுக்குத் தென்கிழக்கே ‘க்ரேத்தே செனேசி’ என்னும் களிமண் நாடு உள்ளது. முன்னொரு காலத்தில் கடலடியாக இருந்த மண் அது. மழையில் பசைபோல் ஒட்டும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். சரிவுகளில் மண்ணரிப்பு மொட்டைக் குன்றுகளை விட்டுச் செல்லும். வால் தோர்ச்சாவின் லா ஃபோச்சே பண்ணையை 1920களில் வாங்கிய அந்தோனியோ ஒரிகோவும் அவர் மனைவி எழுத்தாளர் ஐரிஸ் ஒரிகோவும் இத்தகைய நிலத்தையே கண்டனர். அணை கட்டி, சரிவைத் திருத்தி, சாலை போட்டு, பள்ளியும் குழந்தைகள் மருத்துவ நிலையமும் அமைத்தனர். அங்கு குன்றின்மேல் சைப்ரஸ் மரங்களுடன் வளைந்தேறும் சாலை இன்று டஸ்கனியின் அடையாளமாகவே உலகெங்கும் அச்சிடப்படுகிறது. அது தொன்மையான சாலை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது இருபதாம் நூற்றாண்டின் நிலச் சீர்திருத்தப் பணியில் விளைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வாரதாரர்கள் தங்கள் பங்கை உயர்த்தக் கோரிப் போராடினர். பாதி என்றிருந்த பங்கு முதலில் 53 விழுக்காடாகவும், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் 58 விழுக்காடாகவும் உயர்ந்தது. அதே சட்டம் புதிய வார ஒப்பந்தங்களையும் தடை செய்தது. எஞ்சிய ஒப்பந்தங்களைப் பணக் குத்தகையாக மாற்ற 1982இல் வேறொரு சட்டம் வழிவகுத்தது. சட்டங்கள் நல்லவை; ஆனால் காலம் கடந்து வந்தவை. 1950களிலேயே இளைஞர்கள் ஆலைகளை நாடி நகரங்களுக்கு இறங்கத் தொடங்கிவிட்டனர். மின்சாரமும் குழாய் நீரும் இல்லாத குன்றுவீட்டிற்கு மணமகளாக வரப் பெண்கள் மறுத்தனர் என்பதும் அக்கால நிலையைக் கூறுவோர் தவறாமல் குறிப்பிடும் செய்தி. பாதுகாக்கப்பட வேண்டியவர்களுள் பெரும்பாலோர் வெளியேறிய பின்னரே பாதுகாப்பு வந்தது. நிலச் சீர்திருத்தத்தின் வேகம் பற்றி நம் நாட்டில் பேசுவோரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

குன்றுவீடுகள் பூட்டப்பட்டன. சில இடங்களில் சார்டீனியாத் தீவிலிருந்து வந்த ஆட்டிடையர்கள் மலிவு விலையில் பண்ணைகளை வாங்கிக் குடியேறினர். பியென்சா நகரின் புகழ்பெற்ற ‘பெக்கொரீனோ’ ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி இன்று செழிப்பதற்கு அவர்கள் பங்கு பெரிது. மற்ற இடங்களில் சாலை எவருமின்றிக் கிடந்தது. போக்குவரத்து இல்லாத சாலைக்குத் தார் பூச எந்த ஊராட்சியும் முன்வரவில்லை. எனவே வெண்சாலைகள் எஞ்சியதற்கு முதற்காரணம் மரபுப் பற்று அன்று. மக்கள் வெளியேறியதே காரணம்.

பின்னர் காற்று மாறியது. கியாந்திப் பகுதியின் திராட்சை மதுவுக்கு உலகச் சந்தையில் மதிப்பு ஏறியது. (கியாந்தியின் எல்லையை 1716ஆம் ஆண்டிலேயே மூன்றாம் கோசிமோ கோமகன் ஆணையால் வரையறுத்தார் என்பது விளைபொருட்களுக்கான புவிசார் குறியீடு பற்றிப் பேசுவோர் அறியவேண்டிய செய்தி.) வெளிநாட்டார் பாழ்வீடுகளை வாங்கிச் செப்பனிட்டனர். மகிழுந்துகள் பெருகின. இப்போது வெண்சாலைகளைத் தார் விழுங்கத் தொடங்கியது.

இந்நிலையில்தான் மிதிவண்டி இக்கதையில் நுழைகிறது. கயோலே என்பது கியாந்தியில் மூவாயிரத்திற்கும் குறைவான மக்கள் வாழும் சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்த ஜான்கார்லோ ப்ரோச்சி, 1997ஆம் ஆண்டு ‘எரோய்க்கா’ என்னும் மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் கலந்துகொண்டோர் 92 பேர். பழைய சாலையைக் காக்க வேண்டுமானால் அச்சாலைக்கு ஒரு பயன் இருக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். மனுக்கொடுத்தும் மறியல் செய்தும் சாலையைக் காக்க முயல்வோர் உண்டு. அவர் சாலையின்மீது ஆட்களை ஓட்டிக் காட்டினார்.

எரோய்க்காவின் விதிகள் விந்தையானவை. 1987ஆம் ஆண்டும் அதற்கு முன்னரும் உருவான பந்தய மிதிவண்டிகளே ஏற்கப்படும். கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருக்கவேண்டும்; பிரேக் கம்பிகள் வெளியே தெரியவேண்டும்; பாதத்தைப் பெடலுடன் பிணைக்கத் தோல்வார் வேண்டும்; உடையும் அக்காலத்துக் கம்பளிச் சட்டையே. அக்டோபர் மாதத்தின் தொடக்கத்தில், விடியலுக்கு முந்தைய இருளில் நெடும்பயணம் புறப்படும். ப்ரோலியோக் கோட்டைக்கு ஏறும் வெண்சாலையின் இருமருங்கும் ஏற்றிவைத்த விளக்குகளின் ஒளியில் வண்டிகள் மெல்ல ஊர்ந்து செல்லும். மிக நீண்ட வழி 209 கிலோமீட்டர். இடைவழியில் நிறுத்தங்களில் வழங்கப்படுவது பழைய ரொட்டியும் கீரையும் அவரையும் சேர்த்துக் காய்ச்சிய ‘ரிபொல்லீத்தா’ என்னும் கஞ்சியும் உள்ளூர் மதுவும். அது வாரதாரர் குடும்பத்தின் அன்றாட உணவு. இன்று அதனைச் செல்வர்கள் விரும்பி உண்கின்றனர்! கலந்துகொள்வோர் தொகை பல ஆயிரங்களாக வளர்ந்தது. வழிகாட்டிப் பலகைகள் நிலையாக நடப்பட்டு, ஆண்டு முழுவதும் எவரும் இவ்வழியே செல்லலாம் என்னும் ஏற்பாடும் வந்தது. இந்த ஏற்பாடு திருவிழாவைக்காட்டிலும் முக்கியமானது. ஒரு நாள் கூட்டம் ஊருக்கு ஒருநாள் வருவாயையே தரும்.

இப்பயணத்தின் வழியில் 2007ஆம் ஆண்டு தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் பிறந்தது. இரஷ்ய வீரர் கோலொப்னேவ் முதலாண்டில் வென்றார். அடுத்த ஆண்டு முதல் அது மார்ச் மாதத்திற்கு மாற்றப்பட்டது. பின்னர் சாலைகளின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. பெண்களுக்கான பந்தயம் 2015இல் தொடங்கியது. சியெனாவின் ‘கம்போ’ சதுக்கத்திற்குள் நுழையுமுன் சாந்தா கத்தரீனா தெருவின் செங்குத்தான ஏற்றம் வீரர்களின் கடைசி வலிமையையும் உறிஞ்சிவிடும். 2024ஆம் ஆண்டு 215 கிலோமீட்டர் கொண்ட பந்தயத்தில் ஸ்லொவேனிய வீரர் பொகாச்சார் 81 கிலோமீட்டர் தொலைவைத் தனியாகவே ஓட்டி வென்றார். அத்தொலைவின் தொடக்கம் மொந்தே சாந்தே மாரியே என்னும் வெண்சாலைப் பகுதியில். மூன்று முறை வென்ற சுவிட்சர்லாந்து வீரர் கான்செலாராவின் பெயர் சூட்டப்பட்ட பகுதி அது.

அப்பகுதியைச் சற்று உற்று நோக்கினால் இவ்வகைப் பயணத்தின் இயல்பு விளங்கும். அஷானோ ஊருக்கு அருகே, களிமண் குன்றுகளின் முதுகில் 11.5 கிலோமீட்டர் நீளத்திற்கு அச்சாலை ஓடுகிறது. நிழல் அரிது. இறங்கி ஏறி, மீண்டும் இறங்கி ஏறுவதன்றிச் சமநிலம் என்பதே இல்லை. செங்குத்தான இடத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிப்பிழந்து சுழலும். ஆதலின் இருக்கையில் அமர்ந்தே ஏறவேண்டும். இறக்கத்திலோ வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும்; வளைவில் பிரேக் பிடித்தவர் சரளையில் உருள்வார். உழுத நிலத்தின் சால்போல் குறுக்காக விழுந்த அலைமேடுகள் கையையும் முதுகையும் உலுக்கும். மழை பெய்தாலோ களிமண் சக்கரத்திற்கும் சட்டத்திற்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியையே நிறுத்திவிடும். 2010ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றுப் பந்தயம் மழை நாளில் மொந்தால்சீனோ நோக்கி வெண்சாலைகளில் சென்றபோது, சேறு பூசிய வீரர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்தறிவதே அரிதாயிருந்தது.

இதற்கென உருவானதே சரளை மிதிவண்டி. தோற்றத்தில் பந்தய வண்டிபோல் வளைந்த கைப்பிடி. ஆனால் டயரின் அகலம் 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். காற்றழுத்தம் தார்ச்சாலை வண்டியினதில் பாதிக்கும் குறைவு. அதனால் டயர் கல்லின்மேல் துள்ளாமல் கல்லை அணைத்துச் செல்லும். மிகத் தாழ்ந்த கியர், தட்டு பிரேக், பெரும்பாலும் உட்குழாய் இல்லாத டயர். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய நெடும்பந்தயம் போன்றவை இவ்வகை வண்டிகளுக்கு ஊக்கமளித்தன. 2022ஆம் ஆண்டு சரளைச் சாலைப் பந்தயத்திற்கான முதல் உலகப் போட்டி இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில் நடைபெற்றது. புதுமை என்று விளம்பரப்படுத்தப்படும் இது உண்மையில் பழைமையின் மறுபிறப்பே. 1909ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றுப் பந்தயம் தொடங்கியபோது எல்லாச் சாலைகளும் இத்தகையவைதாம்!

இனி வருவாய் பற்றிச் சிறிது. மிதிவண்டிப் பயணி சுமை தூக்கி வருவதில்லை. நாளொன்றுக்கு எண்பது, நூறு கிலோமீட்டர் செல்பவர் சென்ற இடத்தில் உண்டு, சென்ற இடத்தில் உறங்கவேண்டும். பேருந்தில் வந்து புகழ்பெற்ற நகரை இரண்டு மணி நேரம் பார்த்துத் திரும்புவோரைவிடச் சிற்றூருக்கு இவரால் பயன் மிகுதி. வெயில் கொளுத்தும் ஆகஸ்டைத் தவிர்த்து வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வருவதால் பருவமும் நீள்கிறது. மின்விசை உதவியுடன் ஓடும் மிதிவண்டிகள் வந்தபின் அறுபது வயதைக் கடந்தோரும் குன்றேறுகின்றனர்.

இவ்வருவாயில் உழவருக்குப் பங்கு கிடைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1985ஆம் ஆண்டு இத்தாலி பண்ணைச் சுற்றுலாவுக்கென 730ஆம் எண் சட்டத்தை இயற்றியது. அதன்படி உழவர் தம் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்கலாம். ஆனால் அது வேளாண்மைக்குத் துணைத்தொழிலாக இருக்கவேண்டும். முதன்மைத் தொழில் பயிரும் கால்நடையுமே. வெறும் விடுதி நடத்த விரும்புவோர்க்கு இச்சலுகை இல்லை. இந்த ஒரு நிபந்தனை பல குடும்பங்களை ஒலிவத் தோப்பை விற்றுவிடாமல் தடுத்திருக்கிறது என்றே கருதவேண்டும். சுற்றுலாவை ஊக்குவிக்க முனையும் எந்த அரசும் முதலில் முடிவு செய்யவேண்டியது எத்தனை பேர் வருவர் என்பதை அன்று. வருவோர் செலவிடும் தொகை யார் கையைச் சேரும் என்பதையே.

சாலைக்கு யார் செலவிடுவது என்னும் கேள்விக்கு இத்தனை தெளிவான விடை இல்லை. வெண்சாலைகளில் ஒரு பகுதி மாநில, ஊராட்சி நிருவாகங்களுக்கு உரியவை. மற்றவை ‘அண்டைச் சாலைகள்’ எனப்படும். நிலம் தனியாருடையது, வழியுரிமை பொதுமக்களுடையது. இவற்றிற்கு 1918ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்ட 1446ஆம் எண் ஆணை, சாலையைப் பயன்படுத்தும் நில உடைமையாளர்கள் கூட்டமைப்பு அமைத்துப் பேணவேண்டும் என்றும், பொதுமக்கள் வழியுரிமை உள்ள சாலைகளுக்கு ஊராட்சி செலவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏற்கவேண்டும் என்றும் விதித்தது. மாட்டுவண்டிக் காலத்தில் இது நேர்மையான ஏற்பாடு. பத்துப் பண்ணையார் பயன்படுத்தினர். பத்துப் பேரும் பங்கு கொடுத்தனர். வாரதாரர்கள் மண்வெட்டியுடன் வந்தனர். இன்றோ பத்து வீடுகளில் மூன்று ஆண்டுக்கு இருமுறை வந்து செல்லும் வெளியூராருடையவை; மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லை; சாலையில் செல்வோருள் பெரும்பாலோர் எப்பங்கும் கொடாத விருந்தினர்.

சரளைச் சாலை மலிவானது என்று எண்ணுவது பிழை. போடுவதற்கு மலிவு, பேணுவதற்கு அன்று. நடு உயரம் தேய்ந்து சாலை தட்டையானால் மழைநீர் வாய்க்காலுக்கு ஓடாமல் சாலையிலேயே ஓடும். ஓரிரு புயல்மழையில் சக்கரத் தடம் ஓடையாகிவிடும். பின்னர் இயந்திரத்தால் சீவிச் சமன்செய்து புதுக்கல் பரப்பி உருளை ஓட்டவேண்டும். மிதிவண்டியால் இச்சேதம் சிறிதே நேர்கிறது. திராட்சைத் தோட்டத்தின் கனத்த டிராக்டர்களும், விருந்தினரின் பெருமகிழுந்துகளும், பந்தயத்துடன் செல்லும் வாகன அணிவகுப்புமே பெரும்பங்கு சேதம் செய்வன.

ஆண்டு முழுவதும் அங்கு வாழ்வோரின் நிலையையும் நோக்கவேண்டும். கோடையில் ஒவ்வொரு வாகனமும் எழுப்பும் வெண்புழுதி சன்னல் வழியே புகுந்து உணவு மேசைவரை வரும். துவைத்து உலர்த்திய துணி மீண்டும் அழுக்காகும். சாலையோரத் திராட்சை இலைகளில் மாவு பூசினாற்போல் படியும். குளிர்கால இரவில் மருத்துவ ஊர்தி வரவேண்டிய வீட்டில் முதியவர் இருக்கின்றார். அவர் தார்ச்சாலை கேட்டால், அதனை அழகுணர்ச்சி இல்லாமை என்று கூற எந்தப் பயணிக்கும் உரிமை இல்லை. ஒரு தலைமுறையாக அக்குன்றில் தங்கிய குடும்பம் வசதியின்மையால் வெளியேறினால், அவ்வீடு மற்றொரு விடுமுறை வீடாகும். கூட்டமைப்பில் மண்வெட்டி பிடிக்கும் கை மேலும் ஒன்று குறையும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் இணைப்பற்ற குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற சாலையைத் தந்ததே பெரும்பேறு. அத்தேவை நிறைவேறாத ஊரில் வெண்சாலையின் அழகைப் பேசுவது பொருந்தாது. டஸ்கனியின் வசதி என்னவெனில், அங்கு ஊர்களை இணைக்கும் முதன்மைச் சாலைகள் அனைத்தும் முன்னரே தார்ச்சாலைகள் ஆகிவிட்டன. வழக்கு, அவற்றினின்று பிரிந்து குன்றேறும் கிளைகளைப் பற்றியதே.

கிளைச் சாலைகளிலும் இடைவழி ஒன்று நடைமுறையில் உண்டு. வீட்டின் முன்புறமும் மிகச் செங்குத்தான சரிவிலும் மட்டும் சிறு தொலைவுக்குத் தாரோ கெட்டிப்படுத்திய கலவையோ இட்டு, மற்றப் பகுதியைச் சரளையாகவே விடுவது. இதனால் புழுதியும் அரிப்பும் அடங்கும். சாலையின் தன்மையும் மாறாது. பயணிகளுள் தூய்மை வாதம் பேசுவோர் இதனை விரும்புவதில்லை. ஆனால் மார்ச்சில் பந்தயம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய பின், சீவும் இயந்திரம் வந்து தடங்களை மூட வேண்டும். செப்டம்பரில் திராட்சை அறுவடை வண்டிகள் இறங்குமுன் வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும். இரண்டிற்கும் உரிய தொகையை உடைமையாளர் கூட்டமைப்பும் ஊராட்சியும் ஐந்தில் ஒன்றா பாதியா என்று பேசித் தீர்த்தாக வேண்டும்.